ஆம்பர்: விலைக்கு வாங்கிய பெயர்

பெருவிற்பனை கண்ட ஒரு நாவலின் திரைப்பட உரிமையை வாங்கும் நிறுவனம் உண்மையில் எதை வாங்குகிறது என்ற கேள்விக்கு, 1944 முதல் 1947 வரை ஹாலிவுட்டில் நீண்ட ‘ஃபாரெவர் ஆம்பர்’ விவகாரம் அளிக்கும் விடை மிகத் தெளிவானது. எந்த உள்ளடக்கத்துக்காக அந்த நாவல் வீடுதோறும் பேசப்பட்டதோ, அந்த உள்ளடக்கத்தைத் திரையில் காட்டவே இயலாது என்பதை நன்கு அறிந்த நிலையில்தான் டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் அதன் உரிமையைப் பெற்றது. அது வாங்கியது கதையை அன்று. நாடெங்கும் பரவியிருந்த ஒரு பெயரை. புகழ்பெற்ற நடிகர்களும், டெக்னிகலர் வண்ணமும், 60 லட்சம் டாலருக்கு மேற்பட்ட செலவும் சேர்ந்தும் அந்தப் படம் சோர்வு தருவதாக முடிந்ததற்குக் காரணம் தேடுவோர், படப்பிடிப்புத் தளத்துக்கு வருமுன் இந்தக் கொள்முதலிலிருந்தே தொடங்க வேண்டும்.

நாவலை எழுதிய கேத்லீன் வின்சர் 1919-இல் மினசோட்டா மாநிலத்தின் ஒலிவியா என்ற சிற்றூரில் பிறந்து, கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் வளர்ந்தவர். அமெரிக்கக் கால்பந்தாட்ட வீரரான அவருடைய கணவர், பல்கலைக்கழகப் படிப்புக்காக இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் மன்னரைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத நேர்ந்தபோது வீட்டுக்குக் கொண்டுவந்த நூல்களைப் பொழுதுபோக்காகப் புரட்டத் தொடங்கிய வின்சர், அந்தக் காலத்தின் மீது தீராத பற்றுக்கொண்டு, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நூற்றுக்கணக்கான நூல்களைப் படித்துக் குறிப்பெடுத்து, திரும்பத் திரும்பத் திருத்தி எழுதினார். மேக்மில்லன் நிறுவனம் அந்தக் கையெழுத்துப் படியைப் பெருமளவு சுருக்கி, 1944 அக்டோபரில் 972 பக்க நூலாக வெளியிட்டது. போர்க்காலக் காகிதப் பங்கீடு நிலவிய நாட்களில், முதல் நூல் எழுதிய ஒரு பெண்ணுக்காக இவ்வளவு காகிதத்தை ஒதுக்க ஒரு பதிப்பகம் முன்வந்ததற்கு, அதே பதிப்பகம் 1936-இல் வெளியிட்ட ‘கான் வித் தி விண்ட்’ அடைந்த வெற்றி ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். முதல் வாரத்திலேயே ஒரு லட்சம் படிகள் விற்றன; காலப்போக்கில் அந்த எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது.

கதை நிகழும் காலம் ‘ரெஸ்டொரேஷன்’ எனப்படும் முடியாட்சி மீட்சிக் காலம். உள்நாட்டுப் போரில் தோற்ற முதலாம் சார்லஸ் தலை துண்டிக்கப்பட்ட பின், கடுமையான மத ஒழுக்கத்தை வலியுறுத்திய பியூரிட்டன் ஆட்சி இங்கிலாந்தில் நடந்தது. 1660-இல் இரண்டாம் சார்லஸ் நாடு திரும்பி அரியணை ஏறியதும் மூடிக்கிடந்த நாடக அரங்குகள் திறந்தன, பெண்கள் முதன்முறையாகத் தொழில்முறை மேடையில் தோன்றினர், அரண்மனையின் காதல் விவகாரங்கள் ஊரறிந்த செய்தியாயின. ஆம்பர் என்றால் மரப்பிசின் பல யுகங்கள் மண்ணுள் கிடந்து இறுகிய பொன்மஞ்சள் நிறப் பொருள். அந்த நிறத்தின் பெயரைத் தாங்கிய ஆம்பர் செயின்ட் கிளேர், தன் உயர்குடிப் பிறப்பை அறியாமல் ஓர் உழவர் வீட்டில் வளர்கிறாள். ஊர் வழியே செல்லும் புரூஸ் கார்ல்டன் என்ற பிரபுவின் மீது மோகங்கொண்டு லண்டனுக்குப் போகிறாள். அவன் அரசின் அனுமதியுடன் பகைநாட்டுக் கப்பல்களைக் கொள்ளையிடும் கடலோடியாகப் புறப்பட்டதும், வயிற்றில் குழந்தையோடு தனித்துவிடப்படுகிறாள். கடனாளிச் சிறையில் தொடங்கி, திருடர் குடியிருப்பு, நாடக மேடை, நான்கு திருமணங்கள் என்று ஏறி, இறுதியில் மன்னனின் ஆசைநாயகியாகவும் சீமாட்டியாகவும் ஆகிறாள். புரூஸ் அவளிடம் திரும்பி வருவதும் விலகிச் செல்வதுமாக இருக்கிறான். அவளை மணக்க மட்டும் அவன் ஒருபோதும் இசையவில்லை.

இந்தச் சுருக்கத்தைப் படிப்போர் நூல் முழுவதும் படுக்கையறை வருணனையே நிறைந்திருக்கும் என எண்ணக்கூடும். உண்மை வேறு. தான் எழுதிய வெளிப்படையான பகுதிகள் இரண்டே இரண்டு என்றும், அவற்றையும் பதிப்பகத்தார் நீக்கிவிட்டு முற்றுப்புள்ளிகளை வரிசையாக அச்சிட்டனர் என்றும் வின்சர் பின்னாளில் கூறினார். அதாவது, நாட்டையே பதறவைத்த அந்த நாவலில் உச்சமான தருணங்கள் எல்லாம் புள்ளிகளாகவே இருந்தன. மிச்சத்தை வாசகரின் மனமே எழுதிக்கொண்டது. நாவலின் உண்மையான வெப்பம் அந்தப் புள்ளிகளில் இல்லை. ஆண்கள் வகுத்த உலகில் தன் உடலையும் அறிவையும் கொண்டு பிழைத்தெழும் ஒரு பெண், தன் ஆசைக்காகக் கடைசிப் பக்கம் வரை வருந்தாமலிருப்பதில்தான் அது இருந்தது. கணவர் போர்முனையிலும் மனைவியர் தொழிற்சாலையிலுமாக இருந்த 1944-ஆம் ஆண்டு அமெரிக்காவில், அந்த வருந்தாமை பல லட்சம் பெண்களின் கைக்கு எட்டியது என்பதே இலக்கிய விமரிசகர்கள் அன்று காணத் தவறிய செய்தி.

காணத் தவறாதவர்கள் அரசு வழக்கறிஞர்கள். நூல் 14 மாநிலங்களில் தடைக்குள்ளானது. அவற்றுள் முந்தியது மாசசூசெட்ஸ். உடலுறவைப் பற்றிய குறிப்புகள் 70, திருமணத்துக்குப் புறம்பான கருத்தரிப்புகள் 39, கருக்கலைப்புகள் 7, பெண்கள் ஆடவர் முன் ஆடை களையும் காட்சிகள் 10 என்று அந்த மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் ஒரு பட்டியலே தயாரித்தது. ஆஸ்திரேலியா 1945-இல் நூலை நாட்டுக்குள் வரவிடாமல் தடுத்தது. ஆனால் மாசசூசெட்ஸ் வழக்கு 1947-இல் விசாரணைக்கு வந்தபோது, நீதிபதி ஃபிராங்க் டோனஹியூ நூல் ஆபாசமானதன்று எனத் தீர்ப்பளித்தார். அது படிப்பவருக்கு உறக்கத்தை வரவழைக்குமே அன்றி இச்சையை எழுப்பாது என்ற பொருள்பட அவர் எழுதியது பெரிதும் பேசப்பட்டது. மாநில உச்ச நீதிமன்றம் 1948-இல் அதை உறுதிசெய்தது. அச்சிட்ட நூலுக்கு இவ்வாறு நீதிமன்றத்தின் வாயில் திறந்திருந்தது. திரைப்படத்துக்கு அந்த வாயில் இல்லை என்பதுதான் பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் அடிப்படை.

திரைப்படம் என்பது வெறும் வணிகம், அது பேச்சுரிமைப் பாதுகாப்புக்குள் வராது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1915-இல் கூறிவிட்டது. அந்தத் தீர்ப்பின் நிழலில், மாநிலந்தோறும் அரசுத் தணிக்கை பெருகுவதைத் தவிர்க்க எண்ணிய பட முதலாளிகள், தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டுப்பாட்டை விதித்துக்கொண்டனர். கத்தோலிக்கரான இதழ் வெளியீட்டாளர் மார்ட்டின் குவிக்லியும், டேனியல் லார்ட் என்ற யேசு சபைக் குருவும் உருவாக்கி 1930-இல் ஏற்கப்பட்ட ‘தயாரிப்பு நெறிமுறை’ அது. தமிழ் வாசகர் அறிந்த தணிக்கை வாரியம் அரசின் அமைப்பு. ஹாலிவுட்டின் நெறிமுறை அலுவலகமோ முதலாளிகளின் சங்கம் நடத்தியது, முடிந்த படத்தை மட்டுமன்றித் திரைக்கதையை முதல் வரைவிலிருந்தே சரிபார்த்தது. 1934-இல் ஜோசப் பிரீன் அதன் பொறுப்பேற்றதும், அலுவலகத்தின் முத்திரை பெறாத படத்துக்கு 25,000 டாலர் தண்டம் என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது. பெருநகரங்களின் சிறந்த திரையரங்குகள் அதே நிறுவனங்களின் உடைமையாக இருந்தமையால், முத்திரையில்லாத படத்துக்குத் திரையே கிடைக்காது. தவறு செய்பவர் தண்டிக்கப்பட வேண்டும், அல்லது மனம் வருந்தித் திருந்த வேண்டும், பார்ப்போரின் பரிவு பாவத்தின் பக்கம் சாயக்கூடாது என்பதே அந்த நெறிமுறையின் சாரம். இதற்கு வெளியே மற்றொரு காவலும் இருந்தது: ‘லீஜன் ஆஃப் டீசன்சி’ எனப்பட்ட கத்தோலிக்க நல்லொழுக்க அமைப்பு. தேவாலயங்களில் மக்களை உறுதிமொழி ஏற்கச் செய்த அந்த அமைப்பு, படங்களை ஏ, பி, சி என வகைப்படுத்தியது. ‘சி’ என்றால் ‘கண்டனத்துக்குரியது’, பக்தர்கள் பார்க்கக் கூடாதது.

பிரீன் அலுவலகம் ‘ஃபாரெவர் ஆம்பர்’ நாவலைப் படமாக்கத் தகாதது என்று சொன்ன பிறகும், நூல் வெளிவந்து சில வாரங்களுக்குள் ஃபாக்ஸ் நிறுவனம் 2 லட்சம் டாலர் கொடுத்து உரிமையை வாங்கியது. தயாரிப்புத் தலைவர் டாரில் ஸானக்கின் மனத்தில் இருந்தது ‘கான் வித் தி விண்ட்’. 1939-இல் அந்தப் படம் வேறு நிறுவனத்துக்கு ஈட்டித்தந்த புகழும் பணமும் தம் நிறுவனத்துக்கும் வேண்டும் என்ற ஏக்கத்தில், வரலாற்றுப் பின்னணி, அடங்காத கதாநாயகி, எரியும் நகரம் ஆகிய மூன்றும் ஒரே நூலில் அமைந்திருப்பது அவருக்கு நல்வாய்ப்பாகத் தோன்றியது. ஒற்றுமை அவ்வளவில் முடிந்துவிட்டதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. ‘கான் வித் தி விண்ட்’ நாயகி ஸ்கார்லெட் ஓ’ஹாரா மணந்துகொண்டே போகிறாள். ஆகவே நெறிமுறைக்குள் அவளைப் பொருத்த முடிந்தது. ஆம்பரின் வாழ்வு திருமணத்துக்கு வெளியேதான் பொருள் பெறுகிறது.

படப்பிடிப்பு 1946 மார்ச்சில் தொடங்கியது. இயக்குநர் ஜான் ஸ்டால், அதற்கு முந்தைய ஆண்டு ‘லீவ் ஹெர் டு ஹெவன்’ என்ற வண்ணப்படத்தில் பெருவெற்றி கண்டவர். ஆம்பராக நடிக்க, லண்டன் மேடையில் பெயர் பெற்ற இருபது வயது பெக்கி கம்மின்ஸ் அழைத்துவரப்பட்டார். வின்சென்ட் பிரைஸ் ஒரு பிரபுவாக நடித்தார். சில வாரங்கள் கடந்ததும் எடுத்தவற்றைப் போட்டுப் பார்த்த ஸானக், கம்மின்ஸ் அந்தப் பாத்திரத்துக்கு மிகவும் இளையவராகத் தெரிகிறார் என முடிவுசெய்து படப்பிடிப்பை நிறுத்தினார். பெருஞ்செலவில் எடுக்கப்பட்ட காட்சிகள் குப்பைக்குச் சென்றன. இயக்குநர், நாயகி, பிரைஸ் மூவரும் விலக்கப்பட்டனர். நான்கு ஆண்டுகள் கழித்து ‘கன் கிரேஸி’ படத்தில் கம்மின்ஸ் காட்டிய உக்கிரத்தைப் பார்ப்பவர்களுக்கு, குறை அவரிடம் இருந்திருக்கும் என்று நம்புவது கடினம்.

அடுத்து அழைக்கப்பட்டவர் ‘லாரா’ படத்தை இயக்கிய ஓட்டோ பிரெமிங்கர். அந்த நாவலைப் படித்து வெறுத்தவர் அவர். நிறுவனத்துடன் செய்திருந்த ஒப்பந்தத்தால் மறுக்க இயலாமல் ஏற்றுக்கொண்டதாகத் தன் வரலாற்றில் சொல்கிறார். நாயகியாக எம்ஜிஎம் நிறுவனத்தின் லானா டர்னரை அவர் விரும்ப, இத்தனை பெரிய பாத்திரம் தம் நிறுவன நடிகைக்கே போக வேண்டும் என்று ஸானக் மறுத்துவிட்டார். அக்காலத்தில் நடிகர்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்த ஒப்பந்த ஊழியர்கள். ஒரு படத்தால் வளரும் புகழும் அந்த நிறுவனத்தின் சொத்தாகவே கருதப்பட்டது. ஆகவே 15 வயதில் ஃபாக்ஸில் சேர்ந்த லிண்டா டார்னெலின் கருங்கூந்தல் பொன்னிறமாக மாற்றப்பட்டது. புரூஸாக கார்னெல் வைல்ட், இரண்டாம் சார்லஸாக ஜார்ஜ் சாண்டர்ஸ், பிரைஸின் இடத்தில் ரிச்சர்ட் கிரீன், ஆம்பரின் பணிப்பெண்ணாக ஜெசிக்கா டான்டி, முதிய கணவனாக ரிச்சர்ட் ஹேடன் என நடிகர் வரிசை நிரம்பியது. லியோன் ஷாம்ராய் ஒளிப்பதிவு, டேவிட் ராக்சின் இசை. திரைக்கதை எழுதியவர்கள் ‘ஹவ் கிரீன் வாஸ் மை வேலி’ எழுதிய ஃபிலிப் டன்னும், ‘உமன் ஆஃப் தி இயர்’ படத்துக்காக ஆஸ்கர் பெற்ற ரிங் லார்ட்னர் ஜூனியரும். திறமைக் குறைவு என்று எவரையும் சுட்ட முடியாத கூட்டம் இது.

டெக்னிகலர் முறையின் கடுமையையும் இங்கே குறிப்பிட வேண்டும். லென்ஸ் வழி வரும் ஒளியை ஒரு பட்டகம் பிரித்து மூன்று கருப்பு வெள்ளைச் சுருள்களில் தனித்தனியே பதிய வைத்த அந்தக் கேமராவுக்கு அளவுகடந்த வெளிச்சம் தேவைப்பட்டது. கனத்த பட்டாடையும் சாயமேற்றிய கூந்தலுமாக அந்த விளக்குகளின் வெக்கையில் மாதக்கணக்கில் நின்ற டார்னெல், உடல் மெலிந்து நோயுற்றார். அவருக்காகப் படப்பிடிப்பு இடையில் நின்றது. தம் வாழ்வை மாற்றப் போகும் பாத்திரம் இது என அவர் முழுமையாக நம்பினார். அந்த நம்பிக்கையின் உழைப்பு படத்தில் இன்றும் தெரிகிறது என்பதால்தான் படத்தின் தோல்வி மேலும் வருத்தம் தருகிறது.

திரைக்கதை செய்த மாற்றங்களைப் பார்த்தால் எது போயிற்று என்பது விளங்கும். நாவலின் நான்கு கணவர்களில் ராட்கிளிஃப் பிரபு ஒருவரே எஞ்சினார். குழந்தைகளில் புரூஸின் மகன் மட்டும் தங்கினான். 1666 செப்டம்பரில் லண்டனில் புட்டிங் லேன் ரொட்டிக்கடையில் பற்றி நான்கு நாட்களுக்கு மேல் நகரை அழித்த பெருந்தீயின்போது ராட்கிளிஃப் இறக்கிறார். நாவலில் அந்தச் சாவில் ஆம்பருக்கும் பங்குண்டு, படத்தில் அவரிடம் அடிபட்டுக் கிடந்த வேலைக்காரனே அவரைத் தீயில் தள்ளுகிறான். கதாநாயகி கொலை செய்து தப்பினால் நெறிமுறை ஒப்பாது. கையில் கறை படாத ஆம்பர் இதனால் நல்லவளாகிவிடவில்லை. தன் கதையில் தானே வேடிக்கை பார்ப்பவளாகிவிட்டாள்.

இதற்கு நேர்மாறாக உயிரோடு நிற்பது கொள்ளைநோய்ப் பகுதி. 1665-இல் லண்டனைச் சூறையாடிய பிளேக் நோயின்போது, நோயாளி இருக்கும் வீட்டை ஆட்களோடு சேர்த்துப் பூட்டி, கதவில் சிவப்புச் சிலுவை வரைந்து, இறைவன் இரங்க வேண்டும் என்ற வாசகத்தை எழுதுவது வழக்கம். உள்ளே இருப்போர் 40 நாட்கள் வெளிவர முடியாது. நோயுற்ற புரூஸை ஆம்பர் தனியாகப் பேணுகிறாள். உதவிக்கென வரும் செவிலிக் கிழவி, நோயாளி இறந்தால் கையில் கிட்டுவதைச் சுருட்டலாம் என்ற எண்ணத்தோடு அவன் கழுத்தை நெரிக்க முனைய, ஆம்பர் அவளைக் கொன்று போடுகிறாள். மார்கரெட் வைச்சர்லி நடித்த அந்தக் கிழவியின் நடமாட்டத்திலும், உறக்கமிழந்த டார்னெலின் முகத்திலும், முகப்பூச்சும் நகைகளும் உதிர்ந்து நாவலின் பெண் ஒருமுறை எழுந்து நிற்கிறாள். நோயும் தொண்டும் தற்காப்பும் நெறிமுறை அனுமதித்தவை. ஆகவே அந்த ஒரு பகுதியில் எழுத்தாளர்களும் இயக்குநரும் எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை. மற்ற இடங்களில் கதை ஒரு வாசலை நெருங்கும்போதெல்லாம் காட்சி வெட்டுண்டு, அடுத்த காட்சியில் வேறு ஆடையோடு தொடர்கிறது. நாவலில் புள்ளிகள் இருந்த இடம் வாசகருக்கு உரியது. திரையில் அந்த இடம் வெறும் இடைவெளியாக நின்றது.

முடிவும் மாறியது. நாவலில், புரூஸின் மனைவி இறந்துவிட்டதாக அரண்மனைப் பகைவர் அனுப்பிய பொய்க் கடிதத்தை நம்பி, ஆம்பர் உற்சாகத்தோடு வர்ஜீனியாவுக்குக் கப்பலேறுகிறாள். ஏமாற்றப்பட்டாலும் அவள் ஆசை அணையவில்லை. படத்தில், மகனைப் புரூஸிடம் ஒப்படைத்துவிட்டு, மன்னனாலும் கைவிடப்பட்டுத் தனித்து நிற்கிறாள். பிரிவு என்ற அளவில் அது நெகிழ்ச்சியான காட்சியே. ஆனால் அது தண்டனையாகவே எழுதப்பட்டிருக்கிறது, பார்ப்பவரும் அதைத் தண்டனையாகவே உணர்கிறார்.

இவ்வளவு விட்டுக்கொடுத்தும் அமைதி கிட்டவில்லை. 1947 அக்டோபர் 22-இல் நியூயார்க்கில் படம் வெளியானது. ஏறத்தாழ 6,000 இருக்கைகள் கொண்ட ராக்ஸி அரங்கில் கூட்டம் நிரம்பியது. நல்லொழுக்க அமைப்பு படத்துக்கு ‘சி’ வகை கொடுத்தது. நியூயார்க்கின் கர்தினால் ஸ்பெல்மன் கத்தோலிக்கர் பார்க்கலாகாது என அறிவித்தார். ஃபிலடெல்ஃபியாவின் கர்தினால் டோஹர்ட்டி திரையரங்குகளைப் புறக்கணிக்கப் போவதாக எச்சரித்தார். நிறுவனத் தலைவர் ஸ்பைரஸ் ஸ்கூரஸ் அமைப்பை அணுகிச் சமாதானம் பேசி, படத்தின் தொடக்கத்தில் பாவத்தைக் கண்டிக்கும் முன்னுரையைச் சேர்த்து, முடிவுக் காட்சியைத் திருத்தி, ‘பி’ வகைக்கு இறங்கிவரச் செய்தார். முத்திரை பெற்ற படம், வெளியான பின் மறுபடியும் வெட்டுண்டது. மக்கள் திரளாக வந்தனர். வசூலில் அது அந்தப் பருவத்தின் முன்வரிசையில் நின்றது. ஆனால் இருமுறை எடுக்கப்பட்ட படத்தின் செலவு அந்த வசூலின் பெரும்பகுதியை விழுங்கியது, நூலைப் படித்துவிட்டு வந்தவர்கள் தாங்கள் தேடிவந்தது திரையில் இல்லை என்று கண்டு திரும்பினர்.

படம் ஓடிக்கொண்டிருந்த அதே அக்டோபர் 30-இல், அதன் எழுத்தாளர் ரிங் லார்ட்னர் ஜூனியர் வாஷிங்டனில் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன், தாம் கம்யூனிஸ்டா என்ற கேள்விக்கு நேரடி விடை தர மறுத்தார். நவம்பர் இறுதியில் ஃபாக்ஸ் அவரை வேலையிலிருந்து நீக்கியது. திரைக்கு வெளியிலிருந்து வந்த ஒழுக்க நிர்ப்பந்தத்துக்கும் அரசியல் நிர்ப்பந்தத்துக்கும் ஒரே நிறுவனம் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்துப் பணிந்தது தற்செயலாகத் தோன்றவில்லை. டிசம்பர் 3-இல், ஆம்பரின் பணிப்பெண்ணாகத் திரையின் ஓரத்தில் நின்ற ஜெசிக்கா டான்டி, பிராட்வே மேடையில் டென்னசி வில்லியம்ஸின் ‘எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்’ நாடகத்தின் நாயகி பிளாஞ்ச் டுபுவாவாகத் தோன்றினார். திரை சொல்லத் துணியாத ஆசையையும் அவமானத்தையும் சில தெருக்கள் தள்ளி இருந்த மேடை அதே பருவத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. டார்னெலுக்கு உரிய பாராட்டு, ஆடம்பரம் ஏதுமற்ற ‘எ லெட்டர் டு த்ரீ வைவ்ஸ்’ படத்தில் 1949-இல்தான் கிடைத்தது.

1948-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்று பட நிறுவனங்களைத் திரையரங்கு உடைமையிலிருந்து பிரிக்க வழிசெய்தது. 1952-இல் மற்றொரு தீர்ப்பு, 1915-ஆம் ஆண்டுக் கருத்தை மாற்றித் திரைப்படத்துக்கும் பேச்சுரிமைப் பாதுகாப்பு உண்டு என்றது. அடுத்த ஆண்டே, ஒரு மேடை நாடகத்தைத் தழுவிய ‘தி மூன் இஸ் ப்ளூ’ படத்தின் வசனங்களை மாற்றச் சொன்ன பிரீன் அலுவலகத்துக்கு இணங்க மறுத்து, முத்திரையில்லாமலும் நல்லொழுக்க அமைப்பின் கண்டனத்தோடும் ஓர் இயக்குநர் தம் படத்தை வெளியிட்டார். படம் நன்றாக ஓடியது. அந்த இயக்குநர், ஆம்பரின் கதையைத் தம் விருப்பமின்றி எடுத்துமுடித்த ஓட்டோ பிரெமிங்கர்.